நள்ளிரவில் எந்த டொமைனும் சாவதில்லை

அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் டொமைன் வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு முடிகிறதாம். அதற்குள் பணம் கட்டாவிட்டால் அழித்துவிடுவார்களாம். மெயிலில் கம்பெனி பெயர், டொமைன் பெயர், முடிகிற தேதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. மோசடி என்றால் தேதி எப்படித் தெரிந்தது?" கடைசி வரியில் எல்லாமே இருக்கிறது. மோசடி மெயிலைக் கண்டுபிடிக்க நமக்குச் சொல்லப்படும் யோசனைகள் எல்லாம் மெயிலைச் சுற்றியே வருகின்றன: எழுத்துப்பிழை இருக்கிறதா, ஆங்கிலம் கோணலாக இருக்கிறதா, அனுப்பியவர் முகவரி சரியா. இந்த மெயிலில் பிழையே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? மெயிலை எத்தனை தடவை புரட்டிப் படித்தாலும் அதன் யோக்கியதை தெரியாது. டொமைன் என்ற ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால், மெயில் சொல்வது நடக்கக்கூடிய காரியமா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் தேதி. டொமைனை யாரும் கிரயம் செய்வதில்லை. கோயில் நிலத்தைப்போலக் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 ஆண்டு. .காம் என்ற நிலப்பரப்பை வைத்திருப்பது அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம்; .இன் நம் நாட்டு நிக்சியின் பொறுப்பு. இவர்கள் குத்தகைதாரரிடம் நேராகப் பேசுவதில்லை. நடுவில் பணம் வாங்கி ரசீது போடும் மணியக்காரர்தான் ரெஜிஸ்ட்ரார். இந்தக் கோயிலில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. எந்த வயல், எந்த மணியக்காரர் வழியாக, எந்தத் தேதிவரை என்ற குத்தகைக் கணக்கை மதில் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். தேர் பார்க்க வந்தவர் படிக்கலாம், பொரி கடலை விற்பவர் படிக்கலாம், சும்மா நிழலுக்கு ஒதுங்கியவரும் படிக்கலாம். அப்படிப் படித்த ஒருவர் கையில் நோட்டோடு உங்கள் வாசலுக்கு வந்து, "சர்வே நம்பர் இன்னது, குத்தகை வெள்ளிக்கிழமை முடிகிறது, பணத்தை என்னிடம் கொடுங்கள்" என்கிறார். அவர் சொல்லும் நம்பரும் தேதியும் நிஜம். அதனால் அவர் மணியக்காரர் ஆகிவிடுவாரா? மதிலைப் படித்தார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உவமையை இதற்குமேல் இழுத்தால் வடம் அறுந்துவிடும் என்பதால் இங்கே முட்டுக்கட்டை போடுகிறேன்.

அந்த மதிலுக்குப் பெயர் ஹூஇஸ். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி தலைமையிலான தகவல் மையம் நடத்திய விலாசப் புத்தகத்திலிருந்து வந்தது. 1982-இல் அதற்கு விதிமுறை எழுதினார்கள். ஒருவரையொருவர் தெரிந்த ஆராய்ச்சியாளர்களுக்கான ஏற்பாட்டை ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்துவிட்டதன் பலனைத்தான் இன்று அனுபவிக்கிறோம். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25-இல் அமலுக்கு வந்த பிறகு, .காம் போன்றவற்றில் தனிநபரின் பெயரையும் மெயில் முகவரியையும் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள். 2025 ஜனவரி முதல் ஹூஇஸ் இடத்துக்கு ஆர்டாப் என்ற புதிய முறை வந்திருக்கிறது. ஆனால் டொமைன் பெயர், பதிந்த தேதி, முடியும் தேதி, ரெஜிஸ்ட்ரார் யார் என்பவை இன்றும் எல்லார் கண்ணிலும் படுகின்றன. மறைப்பதற்கு முன் அள்ளி வைத்த பட்டியல்களும் எங்கும் போய்விடவில்லை. அதுவும் கைவசம் இல்லாதவர் உங்கள் வலைதளத்தின் 'தொடர்புக்கு' பக்கத்தைப் பார்த்தால் போதும்.

இனி, மெயில் பயமுறுத்தும் அந்த நள்ளிரவுக்கு வருவோம். .காம் டொமைன் முடிகிற அந்த இரவில் வெரிசைன் கணினி என்ன செய்கிறது தெரியுமா? அழிப்பதில்லை. தானாகவே இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டிவிட்டு, அதற்கான தொகையை ரெஜிஸ்ட்ரார் கணக்கில் பற்று வைக்கிறது. நீங்கள் ஒரு பைசாகூடக் கட்டாத அந்த நேரத்தில் வெரிசைன் பதிவேட்டில் போய்ப் பார்த்தால், முடியும் தேதி அடுத்த ஆண்டுக்குத் தாவியிருக்கும். விவரம் தெரிந்தவர்களே குழம்பிப்போகும் இடம் இது. ரெஜிஸ்ட்ராருக்கு 45 நாள் அவகாசம். வாடிக்கையாளர் கட்டவில்லை என்றால் அதற்குள் டொமைனை நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நீக்கிய பிறகும் உடனே உயிர் போவதில்லை. 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் பழைய உரிமையாளருக்கே கிடைக்கும். அதுவும் தாண்டினால் 5 நாள் காத்திருப்பு, பிறகே பெயர் பொதுவெளிக்கு வரும். முழுதாகப் போனால் 80 நாள். ஒரு டொமைன் சாவதற்கு இவ்வளவு சடங்கு.

அறிவிப்புக்கும் அட்டவணை உண்டு. உலகளவில் டொமைன் ஏற்பாட்டைக் கவனிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும். முடிந்த 5 நாளுக்குள் இன்னொரு முறை சொல்ல வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விதி வேறொன்று. உரிமையாளர் இன்னும் புதுப்பிக்கக்கூடிய காலத்தின் கடைசி 8 நாளாவது அந்த டொமைன் வழக்கம்போல இயங்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரார் வேண்டுமென்றே அதை முடக்க வேண்டும். வலைதளம் திறக்கவில்லை, மெயில் வரவில்லை என்றால்தான் ஆள் எழுந்து பார்ப்பார் என்பது கணக்கு. நினைவூட்டல் மெயில்களை யாரும் படிப்பதில்லை என்று ஊகித்து எழுதிய விதி இது. விதி எழுதுபவர்களிடம் இவ்வளவு உலக ஞானம் இருப்பது அபூர்வம்.

அப்படியானால் 80 நாள் சும்மா இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. 80 என்பது வெளி எல்லை. ரெஜிஸ்ட்ரார் முன்கூட்டியே நீக்கலாம். சில ரெஜிஸ்ட்ரார்கள் 45 நாள் முடிவதற்குள்ளேயே பெயரை ஏலம் விட்டுவிடுவார்கள். பல இடங்களில், முடிந்த சில நாளிலேயே தளம் நின்று விளம்பரப் பக்கம் வந்துவிடும். ஏற்றுமதி செய்பவருக்குத் தளம் நிற்பதைவிட மெயில் நிற்பதுதான் அடி. பையர் அனுப்பும் ஆர்டர், சாம்பிள் அப்ரூவல், ஷிப்பிங் பேப்பர் எல்லாம் அதே டொமைன் வழியாகத்தான் வருகின்றன. நாட்டுக் குறியீடு கொண்ட .இன் போன்றவற்றுக்கு ஐகானின் இந்த அட்டவணை பொருந்தாது. அந்தந்தப் பதிவகத்தின் விதிதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஓர் இரவில், ஒரு மெயிலுக்குப் பதில் போடாத குற்றத்துக்காக டொமைன் அழிவதில்லை. 24 மணி நேரக் கெடு அந்த ஏற்பாட்டில் எங்குமே கிடையாது.

இதே அளவுகோலைச் சீனாவிலிருந்து வருவதாகச் சொல்லும் இன்னொரு மெயிலுக்கும் வைத்துப் பாருங்கள். உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாகச் சுற்றும் சரக்கு அது. "நாங்கள் ஷாங்காயின் டொமைன் பதிவு மையம். உங்கள் கம்பெனி பெயரில் .சிஎன், .ஆசியா டொமைன்களைப் பதிய ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. அது உங்கள் ஏஜென்டா? அவசரம், இதை நிர்வாக இயக்குநருக்கு அனுப்பவும்." ஜிப், பட்டன், மெஷின் உதிரிபாகம் என்று சீனாவோடு தினமும் மெயில் போக்குவரத்து உள்ள திருப்பூர் வட்டாரத்தில் இது சந்தேகத்தைக் கிளப்பாது, நம் பெயரை எவனோ தட்டிக்கொண்டு போகிறான் என்ற பதற்றத்தைத்தான் கிளப்பும். பதில் போட்டால், மற்றவரை நிறுத்திவைக்கிறோம், நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று பல மடங்கு விலையில் ஒரு டஜன் பெயர்களைத் தலையில் கட்டுவார்கள்.

இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் இந்தக் கதை நிற்காது. டொமைன் பதிவு முந்தியவருக்கே. விண்ணப்பம் வந்தால் பெயர் காலியாக இருக்கிறதா என்று கணினி பார்க்கும், இருந்தால் சில நொடியில் பதிந்துவிடும். அதே பெயரில் திருப்பூரில் கம்பெனி இருக்கிறதா என்று விசாரித்து மெயில் எழுத அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. .சிஎன் பதிவில் அடையாள ஆவணம் கேட்பது உண்மைதான். அது விண்ணப்பிப்பவர் யார் என்று பார்ப்பதற்கு. புதிய வகை டொமைன்களில் டிரேட்மார்க் வைத்திருப்பவருக்குத் தகவல் சொல்லும் ஒரு களஞ்சியம் 2013 முதல் இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர் மடக்கலாம். அதில் முன்கூட்டியே கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்க வேண்டும். பதிவான பிறகே உங்களுக்குத் தகவல் வரும். நிஜமாகவே எவராவது உங்கள் பெயரை அபகரித்தால் சட்டம் கைவிடாது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது.

இனி வலுவான மறுப்பு. அவசரப்படுத்தும், லிங்கைத் தட்டச் சொல்லும் மெயில் எல்லாம் மோசடி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமே? முடியாது. புதிதாக டொமைன் பதிந்தாலோ தொடர்பு விவரத்தை மாற்றினாலோ, 15 நாளுக்குள் மெயில் முகவரியை உறுதிசெய்ய வேண்டும் என்பது ஐகானின் நிஜ விதி. அதற்கான மெயிலில் லிங்க் இருக்கும், கெடு இருக்கும், தவறினால் டொமைன் முடக்கப்படும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். பார்த்தால் அசல் மோசடி மெயில். அதை உஷாராகக் குப்பையில் போட்டவரின் தளம் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லும் நிஜ மெயிலும் உண்டு. போலி நிஜத்தைப்போல இருப்பது பாதித் தொல்லை. நிஜம் போலியைப்போல இருப்பது மீதித் தொல்லை. ஆகவே லிங்கைத் தட்டுவதா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. மெயிலை அப்படியே விட்டுவிட்டு, நீங்கள் பணம் கட்டிய ரெஜிஸ்ட்ராரின் தளத்தை நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். நிஜமான கோரிக்கை என்றால் அங்கேயும் காத்திருக்கும்.

இந்த இடத்தில் யாராவது செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது எழுதும் மெயிலை இனி கண்டுபிடிக்கவே முடியாது என்று ஒரு சாரார், அதை வைத்தே பிடித்துவிடலாம் என்று சாஃப்ட்வேர் விற்கும் இன்னொரு சாரார். இருவரும் மெயிலின் நடையைத்தான் பேசுகிறார்கள். பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் வெரிசைனின் 45 நாள் 24 மணி நேரமாகச் சுருங்காது. அனுப்பியவரின் டொமைனைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் முறைகளும் நல்லவைதான்; ஆனால் மோசடிக்காரர் தன் சொந்த டொமைனில் இருந்து அனுப்பினால் மூன்றிலும் தேறிவிடுவார். தொழில்நுட்பமே இல்லாமல் இந்த வியாபாரம் நடந்ததும் உண்டு. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற அரசு வாசனை வீசும் பெயரில் தபாலில் பில் அனுப்பிய தனியார் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003-இல் நடவடிக்கை எடுத்தது. புதுப்பிக்கும் பில் மாதிரி இருக்கும். கையெழுத்துப் போட்டால் டொமைன் வேறு கடைக்கு மாறும்.

விலையையும் ஒரு கண் பாருங்கள். .காம் ஒன்றுக்கு ஆண்டுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பர் முதல் 10.26 டாலர். அதன்மேல் லாபமும் வரியும் சேர்த்தாலும் சாதாரண டொமைனைப் புதுப்பிக்க எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் ஆகாது. சில பில்களில் சிறிய எழுத்தில் 'தேடுபொறிப் பதிவு' என்று இருக்கும்; அது உங்கள் டொமைனைப் புதுப்பிக்காது, வேறெதையும் செய்யாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மெயில் ஏன் வேலை செய்கிறது? பல கம்பெனிகளில் ரெஜிஸ்ட்ரார் யார் என்றே முதலாளிக்குத் தெரியாது. ஏழெட்டு வருடம் முன்பு வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரில், தன் மெயிலில், தன் கார்டில் பதிந்திருப்பான். இப்போது அவன் பெங்களூரில் வேலையில் இருப்பான். நிஜ நினைவூட்டல்கள் அவனுக்குப் போகின்றன, போலிகள் உங்கள் ஆபீஸுக்கு வருகின்றன. அக்கவுண்டன்ட் முன்னால் இருப்பது போலி மட்டுமே என்னும்போது அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

எனவே அவிநாசி வாசகருக்கும், அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும்: ஐகானின் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டி ரெஜிஸ்ட்ரார் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்; .இன் என்றால் நிக்சியின் பதிவகத் தளத்தில் பாருங்கள். அந்தக் கணக்கு கம்பெனி பெயரில், ஆபீஸில் உள்ளவர் தினமும் பார்க்கும் மெயிலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பையனைப் பிடித்து இந்த வாரமே மாற்றுங்கள். அந்த மெயில் முகவரி இதே டொமைனில் இருக்க வேண்டாம். டொமைன் நின்றால் அதுவும் நின்றுவிடும். டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாறாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக்கும் தானியங்கிப் புதுப்பிப்பும் போட்டிருக்கட்டும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், முதலில் வங்கிக்கும் அடுத்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் அன்றைக்கே பேசுங்கள்.