கழுத்துத் தண்டுவட ஆபரேஷன்: எது மீளும், எது மீளாது?

சட்டை பட்டன் போட விரல் தடுமாறுகிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்துகிறது. நடக்கையில் செருப்பு கழன்று பின்னால் கிடப்பதுகூடத் தெரிவதில்லை. ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் பழி அதன் தலையில் விழும். ஆனால் கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

டிஸ்க் தேய்ந்து பிதுங்குவது, எலும்பு துருத்தி வளர்வது, தசைநார் தடிப்பது ஆகியவையே காரணம். கழுத்து வலி சற்றும் இல்லாமலும் இது முற்றும். அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆவதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. விரல்களை இறுக்கி மூடி, முழுதாக விரித்துப் பாருங்கள். 10 நொடியில் 20 முறை முடியாவிட்டால் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுக்கவே கூடாது.

எவ்வளவு மீளும்?

தண்டுவடத்தை நசுக்கலிலிருந்து விடுவிக்கும் ஆபரேஷனின் முதல் வேலை, பாதிப்பு மேலும் கூடாமல் தடுப்பது. இழந்தது திரும்புவது அதற்கு அடுத்ததுதான். முன்னேற்றத்தின் பெரும்பகுதி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். பிறகு பெரிதாக மாறாது. பெரும்பாலோருக்கு அந்தப் பலன் பல ஆண்டுகள் நிலைக்கும். நெடுநாள் நசுங்கியிருந்த தண்டுவடம் முழுதாகத் தேறுவதில்லை. மரத்துப்போதலும் நடையின் விறைப்பும் ஓரளவு தங்கிவிடலாம். முதுமையும் புகைப்பழக்கமும் பலனைக் குறைக்கும்.

பாதிப்பு நடுத்தரம் அல்லது கடுமை என்றால் ஆபரேஷன் செய்யும்படி 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. லேசாக இருந்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அல்லது கண்காணிப்போடு பிசியோதெரபி செய்து பார்க்கலாம். அப்போதும் நிலைமை மோசமானால் காத்திருக்கக் கூடாது.

என்னென்ன ஆபத்து?

நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத் தோளை உயர்த்த முடியாத பலவீனம் வரும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். கழுத்தின் முன்பக்கம் வழியாகச் செய்தால் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் சில காலம் இருக்கலாம். எலும்புகளைப் பிளேட், ஸ்க்ரூ வைத்து இணைத்தால் அதை அடுத்துள்ள டிஸ்க் பின்னாளில் பாதிக்கப்படலாம். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பத்தாண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்படிப் புதிய தொல்லை வரலாம் எனக் கணித்தது. நன்றாக இருந்த கை மறுபடி தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவரைப் பார்த்து, எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.

உங்கள் உரிமைகள்

ஆபரேஷனின் பலன், ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் வரும் விளைவு ஆகிய அனைத்தையும் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீட்டிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே மருத்துவரின் அலட்சியம் ஆகிவிடாது. அலட்சியம் நடந்திருந்தால், கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

நிரந்தரக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானதைக் காட்டி அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அதில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஆபரேஷனுக்கு முன் உங்கள் நடையையும் பட்டன் போடுவதையும் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மீண்டும் எடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். எம்ஆர்ஐ படத்தோடு இதையும் காட்டினால், கை கால் தேறுகிறதா, தேய்கிறதா என்பதை மருத்துவர் எளிதில் கணிப்பார்.