இருக்கும் ஊரும் விழைந்த ஊரும்: பெருமாள் திருமொழியின் அடைவு

தென்காசியை அடுத்து, அனுமன் நதிக்கரையில் அமைந்தது ஆய்க்குடி. சங்கப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரனைப் புகழுங்கால், வடக்கே இமயமும் தெற்கே ஆய்க்குடியும் நிற்பதனாலேயே இவ்வுலகம் ஒருபுறம் சாயாமல் நிற்கிறது என்ற பொருள்படப் புறநானூற்றில் பாடினார். ஓரூருக்கு இதனினும் பெரிய புகழ் கிடைத்தல் அரிது. ஆயினும் அக்குலத்தாரே பின்னர் அவ்வூரளவில் நின்றாரல்லர். வரலாற்றாசிரியர் ஆய்குலத்தவராகக் கொள்ளும் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில், தெற்கே முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, எம்பெருமானுக்குக் கோயில் எடுத்து, 95 சட்டர்கள் ஓதுவதற்குச் சாலையும் நிறுவினான் என்பதை அவனுடைய செப்பேடு காட்டுகிறது. உலகத்தைத் தாங்கிய ஊரென்று பாடப்பெற்ற ஊரைவிட்டும் மக்கள் பெயர்ந்தே வந்திருக்கின்றனர்.

இக்காலத்தில் அப்பெயர்ச்சி மிகுந்தது. பொதியிற் சாரலைச் சார்ந்த ஊர்களில் பிறந்தோர் பலர், கல்வியும் உத்தியோகமும் காரணமாகச் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் சென்று குடியேறினர். போகாமல் நின்றவர்களுள்ளும் சிலருக்கு, ‘இவ்வூரில் என்ன இருக்கிறது, என்று இதை விட்டுப் புறப்படுவோம்’ என்னும் ஏக்கம். சென்றவர்களுக்கோ குற்றாலத்தில் சாரல் தொடங்கிற்று என்று கேட்டவுடனே, ‘என்று திரும்புவோம்’ என்னும் ஏக்கம். இருக்கும் இடத்தில் மனம் பொருந்தாமை என்னும் இது, ஆசை என்று தள்ளத்தக்கதோ, ஆர்த்தி என்று கொள்ளத்தக்கதோ என்பது ஸ்ரீவைஷ்ணவனுக்கு எழவேண்டிய வினா. பிரபந்நன் எங்கே வசிக்கவேண்டும் என்பதையே தினசரியையின் ஓர் அங்கமாக எடுத்துரைக்கிறார் ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர். ஆசார்யனுடைய ஸந்நிதியும் பகவானுடைய ஸந்நிதியுமே அவனுக்கு இருப்பிடம் என்பது அங்கே கண்ட முடிவு. எனவே, இடம் எதுவானால் என்ன என்று இருப்பது நம் முன்னோருடைய மதம் அன்று.

இவ்வேக்கத்தைத் தம் திருவாக்கிலே முழுதும் காட்டியருளினவர் குலசேகராழ்வார். சேரர் குலத்தில் அவதரித்து, கொல்லியும் கூடலும் கோழியும் தமக்கு வசமாக அரசாண்டவருக்கு அரண்மனையில் இருப்புக் கொள்ளவில்லை. நாள்தோறும் திருவரங்க யாத்திரைக்குப் பறையறைவித்துப் புறப்படுவார் என்றும், அரசு கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சிய அமைச்சர்கள் பாகவதர் கோஷ்டியை அவருக்கு எதிரே வரச்செய்வர் என்றும், வந்தவர்களை ஆராதிப்பதிலேயே அன்றைய பொழுது போய்விட யாத்திரை நின்றுவிடும் என்றும் பெரியோர் வழங்குவர். இது சூழ்ச்சியே. ஆயினும் ஆழ்வார் அதனைச் சூழ்ச்சியென்று வெகுண்டதாக வரலாறு இல்லை. கோயிலுக்குப் போகவேண்டும் என்று துடித்தவர், கோயிலில் உள்ளவனுக்கு உகப்பானவர் தம் வாசலிலே வந்தபோது அவர்களைக் கடந்து போகத் துணியவில்லை.

பெருமாள் திருமொழி 105 பாசுரங்களைக் கொண்டது. இதற்குப் பெரியவாச்சான்பிள்ளை வியாக்கியானம் அருளிச்செய்துள்ளார். ஒரு திருமொழியிலிருந்து அடுத்த திருமொழிக்கு என்ன ஸங்கதி என்று அவதாரிகைகளில் ஆராய்வது நம் வியாக்கியாதாக்களின் வழக்கம். அவ்வழக்கத்தைப் பின்பற்றி முதல் ஐந்து திருமொழிகளின் அடைவை நோக்கினால் இவ்விஷயத்திற்கு வேண்டிய தெளிவு கிடைக்கும்.

முதல் திருமொழி அரங்கனைக் கண்ணாரக் காண்பது என்றோ என்னும் அபேக்ஷை. இரண்டாவது, அவ்வரங்கனுடைய அடியார் குழாத்தைக் காண்பதில் விருப்பம். உலகியலில் உழல்வாரோடு தமக்குக் கூட்டம் இல்லை என்று வெறுப்பைக் காட்டுவது மூன்றாவது. உலகத்தார் வழக்கில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் இருக்குமிடத்தின்மேல் வெறுப்பு. அவ்வெறுப்பினால் வேறிடத்தின்மேல் விருப்பம். அத்தகைய விருப்பத்துக்கு உள்ளீடு இல்லை. அண்டை வீட்டாரோடு பிணக்கு, தண்ணீர்த் தட்டுப்பாடு, மதிப்பாரில்லாத குறை ஆகியவை தீர்ந்தால் அதுவும் தீர்ந்துபோகும். புதிய ஊரில் அதே குறைகள் முளைத்தால் மூன்றாவது ஊரைத் தேடும். ஆழ்வாருக்கோ விருப்பம் முந்திற்று. அரங்கனிடத்திலும் அடியாரிடத்திலும் நெஞ்சு பதிந்த பிறகே, சூழ இருந்தவர்களோடு பொருந்தாமை தோன்றிற்று.

நான்காவது திருமொழியில் திருவுள்ளம் திருவேங்கடத்தின்மேல் செல்கிறது. அங்கே எதுவாகப் பிறந்தாலும் போதும் என்னும் பிரார்த்தனை எல்லாரும் அறிந்தது. ஆனால் அவர் வேண்டும் பிறவிகளின் வரிசை பொதுவாக நின்று கவனிக்கப்படுவதில்லை. கோனேரியில் வாழும் குருகு, சுனையில் மீன், பொன்வட்டில் ஏந்தும் பணியாள், செண்பக மரம், தம்பகம், மலைச்சிகரம், கானாறு, மலையேறும் வழி, ஸந்நிதி வாசலில் படி. ஈற்றில், அம்மலைமேல் ஏதேனும் ஒன்று. இவ்வரிசைக்கு வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. குருகுக்குச் சிறகு உண்டு. ஒருநாள் பறந்து வேறு குளத்துக்குப் போய்விடலாம். மீனுக்குச் சிறகில்லை, சுனை வற்றினால் அதற்கு வாழ்வில்லை. வட்டில் ஏந்துபவன் பணியிலிருந்து நீக்கப்படலாம். மரம் பெயர்ந்து போகாது, பட்டுப்போகலாம். இப்படி ஒவ்வொன்றிலும் மலையை விட்டு நீங்கும் வாய்ப்பு ஒன்று தோன்றத் தோன்ற, அதனைக் கைவிட்டு அடுத்ததை வேண்டுகிறார்.

இடம் பெயரவேண்டும் என்று தொடங்கிய ஆசை, இனி இடம்பெயர இயலாத பொருளாகவேண்டும் என்னும் ஆசையில் போய் முடிகிறது. அதிலும் வழியும் படியும் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதவை. பிறர் மிதித்து ஏறுவதற்காகக் கிடப்பவை. ஸேவிக்க வந்தவர்கள் ஸேவித்துப் போவார்கள். படி அங்கேயே கிடந்து திருமுகத்தை நோக்கிக்கொண்டிருக்கும். திருமலையில் கர்ப்பக்ருஹ வாசற்படிக்குக் குலசேகரன்படி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மற்றத் திவ்யதேசங்களிலும் உள்வாசற்படியை அப்பெயரால் சொல்வதுண்டு.

இப்பிரார்த்தனையை நம் பெரியோர் எத்தனை மெய்யாகக் கொண்டனர் என்பதற்கு அனந்தாழ்வான் விஷயமான ஐதிஹ்யம் ஒன்று போதும். அவர் திருமலையிலிருந்து இறங்கிப் போம் வழியில் கட்டுப்பிரஸாதத்தை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் ஊர்ந்தன. எதுவாகவேனும் திருமலையில் இருக்கவேண்டும் என்று பிரார்த்தித்துப் பிறந்தவர்களோ இவர்கள் என்று நெஞ்சு துணுக்குற்று, பசியோடே திரும்ப மலையேறி, எறும்புகளை அங்கே விட்டு வந்தார் என்பர். எறும்புக்கு ஊர் ஏது என்று நகைப்பார் நகைக்கலாம். தன் விருப்பத்துக்காகப் பிறரை அவர் இடத்திலிருந்து பெயர்த்துவிடக் கூடாது என்னும் நடுக்கம் அதில் உள்ளது. முதிய தாய்தந்தையரைப் பிறந்த ஊரிலிருந்து கிளப்பி, நகரத்து அடுக்குமாடி ஒன்றில் கொண்டுபோய் வைக்க எண்ணுவார் இந்த ஐதிஹ்யத்தை ஒருமுறை நினைப்பது நன்று.

ஐந்தாவது திருமொழியே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை. அது விற்றுவக்கோட்டு அம்மானைப் பற்றியது. திருவிற்றுவக்கோடு மலைநாட்டுத் திருப்பதிகளுள் ஒன்று; பட்டாம்பியை அடுத்த திருமிற்றக்கோடு என இன்று கொள்ளப்படுவது. அதாவது, ஆழ்வாருடைய சொந்த நாட்டுத் தலம். திருவரங்கத்துக்கும் திருவேங்கடத்துக்கும் ஏங்கியவர், மூன்றாவதாகத் தாம் பிறந்து வளர்ந்த நாட்டு எம்பெருமானை நோக்கி, உன்னையன்றி எனக்குப் புகல் இல்லை என்கிறார். தாய் வெறுத்தாலும் அவளையே நினைந்து அழும் குழவி, கணவன் இகழ்ந்தாலும் அவனையன்றி அறியாத மனைவி, வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளன் என்று அடுக்கி வருமிடத்தில், கடல் நடுவே மரக்கலத்தின் கூம்பில் இருந்த பறவையைக் காட்டுகிறார். எத்திசையிலும் பறந்து சென்று, கரை காணாமல், திரும்பி அக்கூம்பிலேயே வந்து அமரும் பறவை அது.

குருகுக்குச் சிறகு உண்டென்பதால் அப்பிறவியை வேண்டாம் என்று விட்டவர், அடுத்த திருமொழியிலேயே சிறகுள்ள பறவை ஒன்றைத் தமக்கு உவமையாக்கினார். இது முன்னதற்கு முரண் அன்று. பறந்து போகும் ஆற்றல் இருந்தும் இறங்குவதற்கு வேறிடம் இல்லாமையால் மீண்டு வருகிறது என்பதே அங்கே கருத்து. ஊரை விட்டுப் போனவர், போகாதவர் இருவருக்கும் இப்பாசுரத்தில் இடம் உண்டு.

ஆனால் ஊரை விட்டுப் போனதையே பெருமையாகக் கொண்டாடும் வரலாறுகள் நம் குருபரம்பரையில் பல உளவே என்று கேட்கலாம். உண்மை. கணிகண்ணனைப் பல்லவ அரசன் கச்சியை விட்டுப் போகச் சொன்னபோது, திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். திருவெஃகாவில் கிடந்த பெருமாளும் தம் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று இன்றும் பெயர் பெற்றுள்ளது. அங்கே வெறுப்பினால் போனவர் யாருமில்லை. சீடன் அரசாணையால் போனான், ஆசார்யர் சீடனுக்காகப் போனார், பெருமாள் அடியவருக்காகப் போனார். அரசன் வேண்டிக்கொண்டபோது மூவரும் மீண்டதிலும் தடையில்லை.

கூரத்தாழ்வானுடைய வரலாறு இன்னும் நுட்பமானது. கூரத்தில் அவருடைய மாளிகைக் கதவு சாத்தும் ஓசை கச்சியில் பெருந்தேவித்தாயார் திருச்செவியில் பட்டது என்று கேட்டு, தம் செல்வத்தையே குற்றமாகக் கண்டு, எல்லாவற்றையும் வழங்கிவிட்டு இரவிலே திருவரங்கத்துக்கு நடந்தார். வழியில் தேவிகள் ஆண்டாள் அஞ்ச, மடியில் ஏதேனும் உண்டோ என்று கேட்டு, அவர் அமுது செய்வதற்கென்று கொண்டுவந்த பொன்வட்டிலை வாங்கி எறிந்தாராம். ஊரை விட்டும் ஊரில் இருந்த பொருளை விடாதவனுக்கு அச்சமே வழித்துணை. பிற்காலத்தில் அதே ஆழ்வான், கண்ணிழந்த நிலையில், எம்பெருமானாரோடு ஸம்பந்தமுடையவர் கோயிலுக்குள் புகலாகாது என்று வாசலில் தடுக்கப்பட்டார். நீர் நல்லவர், உமக்குத் தடையில்லை என்று காவலர் சொன்னபோது, ஆசார்ய ஸம்பந்தத்தை விட்டுக் கிடைக்கும் அரங்கம் வேண்டாம் என்று திருமாலிருஞ்சோலைக்குச் சென்றுவிட்டார். ஆயினும் அங்கே அழகரைப் பாடிய ஸுந்தரபாஹுஸ்தவத்திலும், எம்பெருமானாரோடு மீண்டும் திருவரங்கத்தில் கூடியிருக்கவேண்டும் என்பதே பிரார்த்தனை. ஓர் ஊரை விட்டுத்தான் தீரவேண்டும் என்னும் காலம் வரலாம். விட்டபின் அவ்வூரைப் பழித்துக்கொண்டிருப்பது ஆழ்வான் காட்டிய வழி அன்று.

விபீஷணாழ்வான் இலங்கையையும் நண்பரையும் செல்வத்தையும் துறந்து வந்தேன் என்று சொன்னவன். அவனையே பெருமாள் கடற்கரையில் இளையபெருமாளைக் கொண்டு கடல்நீரால் முடிசூட்டுவித்து, எந்த இலங்கையை விட்டானோ அந்த இலங்கைக்கே அரசனாக்கி அனுப்பினார். வெறுத்து விட்ட ஊருக்கே திரும்பிப்போய் வாழவேண்டியவர்களுக்கு இதைவிட ஆறுதல் இல்லை. அரங்கன் தென்திசை இலங்கையை நோக்கியே கண்வளர்ந்தருளுகிறான் என்று தொண்டரடிப்பொடியாழ்வாரும் அதனை அநுபவித்தார்.

இவையிருக்க, ஊரிலிருந்து போவோர் எண்ணவேண்டிய காரியம் ஒன்று உண்டு. எம்பெருமானார் தம் அந்திம காலத்தில் முதலிகளுக்கு அருளிச்செய்த வார்த்தைகளில், திவ்யதேசங்களுக்கு அமுதுபடியும் திருவிளக்கும் திருமாலையும் நடக்கச் செய்தல் ஒன்று. திருநாராயணபுரத்தில் குடிசை கட்டிக்கொண்டு வாழ்தல் ஒன்று. எதற்கும் தகுதி இல்லையாகில், தன்னை ‘என்னுடையவன்’ என்று அபிமானிக்கும் ஒரு ஸ்ரீவைஷ்ணவனுடைய நிழலில் ஒதுங்கியிருத்தல் ஒன்று. கடைசியதற்கு ஊர் வேண்டுவதில்லை. அது மும்பையிலும் கூடும். முதலில் சொன்னதற்கோ ஊரில் ஆள் வேண்டும். கைங்கர்யபரருடைய குடும்பம் ஒன்று புறப்பட்டுப் போனால், ஊர்க்கோயிலில் இரண்டு வேளை ஏற்றிய விளக்கு ஒரு வேளையாகும். பிறகு அதுவும் யாரோ வரும்போது ஏற்றப்படும். போகலாகாது என்று சொல்ல நம் நூல்களில் இடமில்லை. ஏற்றிய விளக்கை யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று கேட்க இடம் உண்டு. அனந்தாழ்வான் திருவரங்கத்தை விட்டுத் திருமலையின் குளிரிலே போய் நின்றதும், அங்கே புஷ்பகைங்கர்யத்துக்கு ஆளில்லை என்று எம்பெருமானார் கேட்டதனாலேயே.

அரண்மனையில் இருக்கவொண்ணாத குலசேகராழ்வார், மகனுக்கு முடிசூட்டிவிட்டுத் திருவரங்கம் சென்றார். சேரகுலவல்லியை அரங்கனுக்கு உரியவளாக்கினார் என்பதும், மூன்றாம் திருச்சுற்று அவர் பெயரால் வழங்குவதும் கோயிலில் பிரஸித்தம். ஆயினும் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியது அங்கேயன்று, திருவேங்கடத்திலும் அன்று, மலைநாட்டிலும் அன்று. யாத்திரையாகத் தெற்கே வந்தவர் பொதியிற் சாரலில், அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலில் திருவரசு கொண்டார் என்பது ஸம்பிரதாயம். தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகச் சென்றால் ஆய்க்குடியார் ஒரு காலைப்பொழுதில் போய் ஸேவித்துத் திரும்பலாம். இராஜேந்திர சோழ விண்ணகரம் என்று கல்வெட்டுகள் கூறும் அக்கோயிலை, முதல் இராஜேந்திரன் காலத்தில் எடுப்பித்தவன் இராஜசிம்மன் என்னும் சேரமன்னன். சேரகுலத்து ஆழ்வார் திருவரசு கொண்ட தலத்தில் சேரன் ஒருவன் கற்றளி எழுப்பியதைத் தற்செயல் என்று விட மனம் வரவில்லை. விமானத்தில் எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளிலும் ஸேவை ஸாதிக்கிறான். கிடந்த திருக்கோலம் மேல்தளத்தில், படியேறித்தான் காணவேண்டும்.