ரூபாயாகப் பிறந்த டாலர்

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பட்டுப் புடவை. அதற்கு அடுத்தபடியாக அரிசி. வெள்ளிக் காசு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால், புடவைத் தலைப்பில் தகதகவென்று மின்னுகிறதே அசல் ஜரிகை, அது என்னவாம்? மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றி, தங்க முலாம் பூசியதுதானே! புடவை நைந்தால் ஜரிகையை எடைக்குப் போடுகிறோம். உருக்கினால் மறுபடியும் வெள்ளி. வெள்ளியின் குணமே அதுதான். பல பிறவி எடுக்கும், முன்பிறவியைச் சொல்லாது.

ஆரணிக்கும் வெள்ளிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1751 டிசம்பரில் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பை ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப் படையின் துணையோடு இங்கேதான் முறியடித்தான். லட்சம் ரூபாய் வைத்திருந்த பணப்பெட்டி ஒன்று மராட்டியரிடம் சிக்கியது. அத்தனை வெள்ளி நம் நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கப்பலில்தான். மெக்ஸிகோவிலும் பெருவிலும் வெட்டிய வெள்ளி, ஸ்பானிஷ் டாலராக உலகமெல்லாம் சுற்றி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

1807-ஐ ஒட்டி, சென்னையில் கம்பெனியார் அந்த டாலர்மேலேயே புது அச்சைக் குத்தி அரை வராகன் அடித்தார்கள். ஒரு புறம் கோபுரம். மறுபுறம் பெருமாள், சுற்றிலும் தமிழ், தெலுங்கு எழுத்துக்கள். சில காசுகளில் உற்றுப் பார்த்தால் கோபுரத்தின் அடியில் ஸ்பெயின் அரசனின் சுவடு இன்னும் தெரியும்! நாணயம் சேகரிப்பவர்கள் அந்தச் சுவடுக்காகவே அதைத் தேடுகிறார்கள்.

இதே ஸ்பானிஷ் டாலரைப் பார்த்துத்தான் அமெரிக்கர்களும் தங்கள் டாலரை அமைத்துக்கொண்டார்கள். 1794-ல் பிலடெல்பியாவில் முதன்முதலாக வெளிவந்த வெள்ளி டாலர்கள் 1,758தான். அவற்றுள் சிறிதும் தேயாத ஒன்று 2013 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. விலை என்ன தெரியுமா? ஒரு கோடி டாலருக்கு மேல்! அதுவரை எந்த நாணயமும் அந்த விலைக்குப் போனதில்லை.

ஒரு காசுக்கா இவ்வளவு என்று மூக்கின்மேல் விரல் வைக்கிறீர்கள். பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கும் கல்யாணப் பட்டும், பத்து வருஷம் கட்டித் துவைத்த பட்டும் ஒன்றாகுமா? நாணயத்துக்கும் அப்படியே. ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் இதற்காக ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் வகுத்தார். கடைசி சில மதிப்பெண்களில்தான் லட்சமும் கோடியும் விளையாடுகின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தின்போது இங்கே ஜனங்கள் காகித நோட்டை நம்பாமல், வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்கினார்கள். கஜானாவில் வெள்ளி கரைந்துகொண்டே போயிற்று. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் அங்கே பிட்மன் சட்டம் நிறைவேறியது. 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. அது பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயாயிற்று. எந்த வருஷத்து டாலர் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எது அரிய டாலர் என்று இன்றுவரை அமெரிக்கர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்!

ஆகவே, உங்கள் பாட்டி முடிந்து வைத்த ரூபாயில் 1918, 1919, 1920 என்று இருந்தால், அது அமெரிக்காவில் டாலராக இருந்த வெள்ளியாக இருக்கலாம். அதற்காகக் கோட்டை கட்டிவிடாதீர்கள். அந்த ரூபாய்களைக் கோடிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள், விலை சொற்பம்தான். ஆனால், அதே முடிச்சில் ஓர் ஆர்க்காட்டு ரூபாயோ கோபுரம் போட்ட அரை வராகனோ இருந்தால்?

அங்கேதான் நம் கை பரபரக்கிறது. புளி போட்டுத் தேய்ப்போம், விபூதியால் பளபளக்கச் செய்வோம், வளையம் பற்றவைத்துக் குழந்தையின் கழுத்தில் மாட்டுவோம். இருநூறு வருஷத்துக் களிம்பு போனதும், சேகரிப்பவர் கொடுக்கிற மதிப்பும் கூடவே போய்விடும். மிஞ்சுவது எடைக்கு எடை வெள்ளி.

தேய்க்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஈரமில்லாத இடத்தில், ஒன்றோடொன்று உராயாமல் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். நூறு வயது கடந்த காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷச் சட்டம் இடம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய காசுகள் இருக்கின்றன. குழந்தைகளை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

முக்கியமாக, உருக்கக் கொடுக்குமுன் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். ஜரிகையை மறுபடி இழுத்து நெய்துவிடலாம். உருகிய காசின் எழுத்தை மறுபடி எழுத எந்தத் தட்டானாலும் ஆகாது.