தெருவுக்கு நாலு மோட்டார் சுந்தரம்!

குடிதண்ணீர் கெட்டுப் போச்சு என்றால் நாம் உடனே கை நீட்டுவது தோல் தொழிற்சாலையை, இல்லையா சாயப்பட்டறையை. நியாயம்தான். பாலாற்றையும் நொய்யலையும் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால், சென்னையில் எங்கள் தெருவில் தொழிற்சாலையும் இல்லை, பட்டறையும் இல்லை. முப்பது சொச்சம் வீடுகள், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மெஸ்... அவ்வளவுதான். அப்படியும் போன வருஷம் ஒரே வாரத்தில் ஏழு வீட்டில் வயிற்றுப்போக்கு! நான் லீவு கேட்டபோது மானேஜர், ‘‘என்னய்யா, தெருவே ஒரே கல்யாணத்துல சாப்பிட்டீங்களா?’’ என்றார்.

பள்ளம் தோண்டிப் பார்க்க வந்தவர்களில் ஒரு பிளம்பர் அண்ணன்தான் எனக்குப் பாடம் எடுத்தார்.

‘‘பைப்புல தண்ணி எப்ப சார் வருது?’’

‘‘காலையில ரெண்டு மணி நேரம்.’’

‘‘மிச்ச நேரம் உள்ள என்ன இருக்கும்?’’

‘‘காத்துதான்.’’

‘‘அந்த நேரத்துல ஒருத்தர் மோட்டாரைப் போட்டு உறிஞ்சினா?’’

விஷயம் இதுதான். குழாய்க்குள் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்போது, ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நஷ்டம், ஆனால் ஆபத்தில்லை. வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கதை தலைகீழ். வெளியே இருப்பது உள்ளே வரும். வெளியே என்ன இருக்கும்? அதே தெருவில், பக்கத்திலேயே ஓடும் சாக்கடைக் குழாயின் கசிவு! ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் கூல்டிரிங்ஸோடு காற்றும் வரும் இல்லையா, அது மாதிரி. என்ன, இங்கே வருவது காற்று இல்லை. அது மோட்டார்காரர் வீட்டுக்கு மட்டும் போவதும் இல்லை. வழியில் இருக்கிற எல்லோருக்கும் பங்கு உண்டு.

எங்கள் தெருவில் இப்படி நாலு பேர். குடிநீர் இணைப்பில் நேரடி மோட்டார் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும். ‘‘எல்லாரும் வெச்சிருக்கான் தம்பி, நான் மட்டும் எடுத்தா எனக்கு சொட்டுகூட வராது’’ என்றார் ஒருவர். அதிலும் நியாயம் இருக்கிறது. தனித்தனியாகக் கெஞ்சினால் நடக்காது, ஒரே நாளில் எல்லோரும் எடுக்க வேண்டும். குழாயை விடத் தாழ்வாக ஒரு சம்ப் கட்டினால் தண்ணீர் தானாக விழும். அதிலிருந்து மாடிக்கு ஏற்ற எத்தனை குதிரை சக்தி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மோட்டார்கள் கழன்றன. நாலாவது ஆசாமி, சம்ப் கட்ட ‘நல்ல நாள்’ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாள், மூலை எல்லாம் பார்ப்பதில் என் ஆபீஸ் நண்பரும் சளைத்தவரில்லை. தாம்பரத்துக்கு அப்பால் அரை கிரவுண்ட் வாங்கி வீடு கட்டுகிறார். வாஸ்துப்படி போர் ஈசானியத்தில், செப்டிக் டாங்க் வாயு மூலையில். சரி, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் போர் எங்கே? நண்பரின் உறிஞ்சிக் குழியிலிருந்து பத்தடியில்! குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சிக் குழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. கிட்டத்தட்ட 60 அடி. முப்பதுக்கு நாற்பது அரை கிரவுண்டில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான் சார்!

இது வெறும் பூச்சாண்டி இல்லை. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் 600 பேருக்கு மேல் காலராவில் செத்தார்கள். டாக்டர் ஜான் ஸ்னோ, தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பிறகு தோண்டிப் பார்த்தால், ஒரு வீட்டு மலக்குழி கிணற்றிலிருந்து மூன்றடிகூட இல்லை. செங்கல் உளுத்துக் கசிந்திருக்கிறது. நோயுற்ற ஒரு குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தக் குழியில்தான் போயிருக்கிறது.

அதனால் டாங்கின் அடியில் கான்கிரீட் போடுங்கள். லாரி செலவு மிச்சம் என்று அடித்தளமே இல்லாமல் விடுகிற மேஸ்திரிகள் இருக்கிறார்கள். நிரம்பவே நிரம்பாத செப்டிக் டாங்க் என்று பெருமைப்பட்டால், அது எங்கே போகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வரத்தான் வேண்டும். லைசென்ஸ் இருக்கிற லாரியாகப் பாருங்கள். இல்லாதது ராத்திரியில் ஏரிக்கரையில் திறந்துவிடும்.

‘‘நாங்க காய்ச்சித்தானே குடிக்கிறோம்’’ என்பவர்களுக்கு: கொதித்தால் கிருமி சாகும், சரி. ஆனால், கழிவிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு ஆகாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகிறார்கள்.

கடைசியாக, எங்கள் கீழ்வீட்டு மாமா. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அக்கறையாகக் குழி வெட்டியவர். வாஷிங் மெஷின் வந்ததும் அதன் ஹோஸை அந்தக் குழியிலேயே விட்டுவிட்டார். ‘‘சோப்புத் தண்ணிதானேப்பா, சுத்தமாத்தானே இருக்கும்!’’

‘‘மாமா, அதுக்குப் பத்தடி தள்ளி உங்க போர்.’’

மனுஷர் அன்று மாலை காபியே குடிக்கவில்லை. ஹோஸைச் சாக்கடைக்குத் திருப்ப இரண்டு எல்போ, ஆறடி பி.வி.சி. பைப் போதுமாக இருந்தது. காசு யார் கொடுத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.