பரிசுக்குப் பிறகு வரும் படிகள்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள மெட்ரோபாலிட்டன் ஓபரா நிறுவனம், இளம் பாடகர்களுக்கான தேசியக் குரலிசைப் போட்டி ஒன்றை 1954-ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. நன்கொடை அளித்த தம்பதியின் பெயரால் இப்போது அது 'எரிக் - டொமினிக் லாஃபான்ட் போட்டி' என்று அழைக்கப்படுகிறது. 1988-இல் ரெனே ஃபிளெமிங்கும், 2001-இல் லாரன்ஸ் பிரவுன்லீயும் இதில் வென்றவர்கள். ஓபரா உலகில் இன்று இவ்விருவரையும் அறியாதவர் இல்லை.

கள்ளக்குறிச்சியில் அமர்ந்துகொண்டு நியூயார்க் போட்டியைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் அரசுப் பள்ளிகளிலும் இப்போது வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் பாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. வென்ற மாணவர் அதன்பின் எங்கே செல்கிறார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை இருக்கிறது. இங்கே இன்னும் இல்லை.

ஓபரா என்பது பாத்திரங்கள் பேச வேண்டியதைப் பெரும்பாலும் பாட்டாகவே பாடி நடிக்கும் இசை நாடகம். இதனை நம் வட்டாரத்தினருக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடியபடி வேடக்காரர் நுழைவதும், பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவதும், முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் சூழ்ந்து ஒலிப்பதும் வேறொரு மரபைச் சேர்ந்தவையே என்றாலும், குரலிடம் அவை கேட்பது ஒன்றுதான். நடிக்க வேண்டும், பாட வேண்டும், கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும்.

மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள் உள்ளன. ஓபரா பாடகர் ஒலிபெருக்கி இல்லாமல், முழு இசைக்குழுவின் ஓசையையும் கடந்து அத்தனை பேருக்கும் கேட்குமாறு பாடுகிறார். வெறும் தொண்டை வலிமையால் இது ஆவதில்லை. சுவீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோஹான் சுண்ட்பெர்க் இதனை ஆராய்ந்து விளக்கியுள்ளார். இசைக்குழுவின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில், 500 ஹெர்ட்ஸ் அளவில், குவிந்திருக்கிறது. பயின்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தம் குரல்வளையையும் தொண்டையையும் அமைத்துக்கொள்ளும் விதத்தால் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தம் குரலின் ஆற்றலைத் திரட்டுகிறார். இசைக்குழுவின் ஓசை மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியே குரல் ஊடுருவிச் செல்கிறது. இத்திறன் கைவரப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. அந்த ஆண்டுகளில் பாடகருக்குச் சோறு போடுவது யார் என்பது பொருளியல் மாணவனுக்கு எழும் முதல் கேள்வி.

இக்கேள்வியின் ஒரு பகுதியை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியான தம் 'பொருளியல் கோட்பாடுகள்' நூலில் தொட்டுச் செல்கிறார். எலிசபெத் பில்லிங்டன் என்ற பாடகி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பருவத்தில் 10,000 பவுண்டு ஈட்டியதாகச் சொல்லப்பட்டது. தொழிலதிபர்களின் வருமானம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகுவதுபோலப் பாடகரின் வருமானம் பெருக வாய்ப்பில்லை. ஏனெனில் மனிதக் குரல் எட்டும் தொலைவுக்கு ஓர் எல்லை உண்டு என்பது மார்ஷலின் வாதம். பிறகு இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, எல்லை உடைந்தது. 1981-இல் ஷெர்வின் ரோசன் உச்ச நட்சத்திரங்களின் பொருளியல் குறித்து எழுதிய கட்டுரை, அந்த உடைப்பின் விளைவைக் காட்டியது. மிகச் சிறந்தவரின் குரல் எல்லா வீட்டுக்கும் எட்டும்போது, அவரைவிடச் சற்றே குறைந்த திறனுள்ளவரின் வருமானம் சற்றே குறைவதில்லை, அதலபாதாளத்துக்குப் போய்விடுகிறது.

ஆகவே உச்சியில் இடங்கள் சில, ஏறுவோர் பலர். யாரை ஏற்றுவது என்று அரங்க நிர்வாகிகளுக்கும் தெரியாது. அந்த அறியாமையைக் குறைக்கும் கருவியாகவே போட்டி பயன்படுகிறது.

லாஃபான்ட் போட்டி மாவட்ட நிலையில் தொடங்குகிறது. அங்கு வென்றவர்கள் மண்டல நிலைக்கும், பிறகு அரையிறுதிக்கும் செல்கின்றனர். பாடகர் பல மொழிகளில் அமைந்த சில தனிப்பாடல்களின் பட்டியலைத் தருகிறார்; முதல் பாடலை அவர் தேர்ந்தெடுக்கலாம், அடுத்ததை நடுவர்கள் கேட்பார்கள். இறுதிச் சுற்றில் மெட்ரோபாலிட்டன் மேடையிலேயே அந்நிறுவனத்தின் இசைக்குழுவுடன் ஒவ்வொருவரும் இரு பாடல்கள் பாடுகின்றனர். வென்றவருக்கு 20,000 டாலர். அந்நாட்டில் இசைக் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அன்று. ஆயினும் அந்த அரங்கில் அன்று பிற ஓபரா நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் கலைஞர்களுக்கான முகவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். கீழ்ச்சுற்றுகளில் தோற்றவருக்கும் நடுவர்களின் கருத்துரை கிடைக்கிறது. நான் மிகவும் மதிப்பது இதைத்தான். தோற்றவன் ஏன் தோற்றோம் என்று அறிந்து வீடு திரும்புகிறான்.

போட்டிக்கு மேலே இன்னொரு படியும் இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் நிறுவனம் 1980-இல் தொடங்கிய இளங்கலைஞர் திட்டமும், சான்பிரான்சிஸ்கோ ஓபராவின் அட்லர் திட்டமும் தேர்ந்தெடுத்த பாடகர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியும் சிறு வேடங்களும் தருகின்றன. இலங்கையைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்த ஷான் பணிக்கர், அட்லர் திட்டத்தில் பயின்றவர். 2008-இல் மெட்ரோபாலிட்டன் மேடை ஏறினார். 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பிலிப் கிளாஸ் இயற்றிய 'சத்யாகிரகா' ஓபராவில் காந்தியாகப் பாடினார். பகவத் கீதையிலிருந்து எடுத்த சம்ஸ்கிருத வரிகளால் அமைந்த ஓபரா அது.

மேல்படி அடைபட்டிருந்தால் பரிசு என்ன ஆகும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. 1925-இல் நியூயார்க் பில்ஹார்மானிக் சார்ந்த போட்டியில் ஏறத்தாழ முந்நூறு பேரை வென்று முதலிடம் பெற்றவர் மேரியன் ஆண்டர்சன். கருப்பினப் பெண். இசைக்குழுவுடன் பாடும் வாய்ப்பும் பாராட்டும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் மெட்ரோபாலிட்டன் மேடையில் அவர் பாடியது 1955 ஜனவரியில். இடையில் முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அம்மேடையில் முதன்மைப் பாத்திரமேற்றுப் பாடிய முதல் கருப்பினக் கலைஞர் அவரே. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். குரலின் பொற்காலம் பிற அரங்குகளில் கழிந்திருந்தது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பெயரைக் கேட்டால், 2024 ஜூன் மாத நச்சுச் சாராய மரணங்களையே பலரும் நினைவுகூர்கின்றனர். இங்கு மரச்சிற்பக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது சிலருக்குத் தெரியும். இங்குள்ள குரல்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சிற்பத்தை வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பலாம். பாட்டை அப்படி அனுப்ப முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கல்வராயன் மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம். அவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். நாட்டுக்கு விடுதலை கிடைத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை அவர்கள் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். 1976-இல்தான் அம்முறை ஒழிந்தது. பள்ளியும் சாலையும் பேருந்தும் அதன் பிறகே மெல்ல மெல்ல மலையேறின. இன்றும் பல குடும்பங்கள் பிழைப்புக்காக ஆண்டில் சில மாதங்கள் வெளி மாநிலத் தோட்டங்களுக்குச் செல்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், மலைப் பகுதி மாணவர்களும் பங்கேற்ற ஒரு பாட்டுப் போட்டியில் பரிசு வழங்க என்னை அழைத்திருந்தார்கள். பொருளியல் ஆசிரியரை ஏன் அழைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற்றவர், நேரம் இருக்கும் என்று எண்ணியிருக்கலாம். முதலில் அழைக்கப்பட்டவர் மலையிலிருந்து வந்த ஒரு மாணவி. ஒலிபெருக்கியை அப்போதுதான் சரிசெய்து கொண்டிருந்தார்கள். நடுவர்கள் மதிப்பெண் தாளைப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். அவர் காத்திருக்கவில்லை. பாட்டியிடம் கற்ற பாட்டு ஒன்றை ஒலிபெருக்கி இல்லாமலேயே பாடினார். வெளியே மரத்தடியில் நின்ற ஓட்டுநர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது, ஓர் எவர்சில்வர் தட்டு. "அடுத்த ஆண்டும் வந்து பாடம்மா" என்றேன். "பன்னண்டாவது படிக்கிறேன் சார். அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துல இருக்க மாட்டேனே" என்றார்.

முதலில் பாடுபவருக்கு நேரும் பாதகம் கற்பனையன்று. பிரஸ்ஸல்ஸ் நகரின் புகழ்பெற்ற குயின் எலிசபெத் பியானோ போட்டியின் முடிவுகளை விக்டர் கின்ஸ்பர்க், யான் வான் ஊர்ஸ் என்ற இரு பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். அங்கு இறுதிச் சுற்றில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஆகவே வரிசைக்கும் திறமைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆனால் முதல் நாளில் வாசித்தவர்கள் பின்தங்கிய இடங்களையே பெற முனைந்தனர். அதைவிடக் கவலை தருவது அடுத்த முடிவு. அவ்வாறு பெற்ற தரவரிசை, அவர்களுடைய பிற்கால வாழ்விலும் இசைத்தட்டு வாய்ப்பாகவும் பெயராகவும் தொடர்ந்தது. உலகின் தேர்ந்த செவிகள் கூடிய அரங்கிலேயே இப்படியென்றால், நம் வட்டாரப் போட்டிகளில் ஒரே நாளில், ஒரே பாட்டில் ஒரு குழந்தையின் குரலை எடைபோட்டு முடித்துவிடுவது எவ்வளவு ஆபத்தானது!

போட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா நல்ல முயற்சி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிக் கலையரசன், கலையரசி பட்டங்கள் வரை அது செல்கிறது. மத்திய கல்வி அமைச்சகம் 2015 முதல் நடத்தும் கலா உத்சவ் தேசிய நிலையில் மரபுசார் நாட்டுப்புறக் குரலிசைக்கும் இடம் தந்துள்ளது. கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை இளமணி, கலை வளர்மணி என வயதுக்கேற்ற விருதுகளை வழங்குகிறது. பட்டங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. பதினேழு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் மாணவருக்கும், முப்பது வயதில் ஊதியம் பெறும் கலைஞருக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத்தான் படிகள் இல்லை.

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாகசுரம் என்று பயிலலாம். வெள்ளிமலையிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். தங்குமிடமும் கைச்செலவும் இல்லாமல் தோட்டத் தொழிலாளியின் மகள் அங்கே சேர்வது எப்படி? தெருக்கூத்துக்கோ மலை மக்களின் பாட்டுக்கோ அங்கு தனிப் பாடமும் இல்லை. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வட தமிழகமே மகிழ்ந்தது. அவர் பயின்ற இடம் பரம்பரைக் கூத்துக் குடும்பம். அத்தகைய குடும்பத்தில் பிறவாதவருக்கு வாசல் எங்கே?

இதற்கெல்லாம் செலவாகும் என்பது உண்மைதான். நிகழ்கலை ஒருபோதும் தன் வரவிலேயே வாழ இயலாது என்பதை வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-லேயே விளக்கிவிட்டனர். ஆலையில் இயந்திரம் உற்பத்தியைப் பெருக்குகிறது, கூலி உயர்கிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு போலவே இன்றும் நால்வரும் அதே நேரமும் தேவை. ஆகவே கலையின் செலவு மற்றவற்றைவிட வேகமாக ஏறும்; நுழைவுச்சீட்டு வருமானம் அதனை ஈடுகட்டாது. அமெரிக்காவில் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் நன்கொடையாளர் நிரப்புகின்றனர். அங்கே போட்டிக்கே நன்கொடையாளர் பெயர் இருப்பது இதனால்தான். ஐரோப்பாவில் அரசு நிரப்புகிறது. நம் கூத்துக்கு இதுவரை ஊர் வரிப்பணம் நிரப்பியது. ஊரில் ஆள் குறையக் குறைய அந்த ஊற்றும் வற்றி வருகிறது.

மாவட்ட அளவில் குரலிசையில் முதல் மூன்று இடம் பெறுவோருக்குப் பள்ளி முடிந்தபின் மூன்றாண்டு உதவித்தொகையும், இசைப் பள்ளியில் சேர விரும்பினால் பழங்குடியினர் நல விடுதியில் இடமும் தரலாம். ஒரு மாவட்டத்துக்கு எந்நேரமும் ஒன்பது பேருக்கு மேல் வராது. அனுபவமுள்ள கூத்து வாத்தியாரை இசைப் பள்ளியில் பகுதிநேர ஆசிரியராக அமர்த்தலாம். போட்டியில் பாடும் வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்து, முதலில் பாடியவருக்கு இறுதியில் இன்னொரு பாட்டுக்கு வாய்ப்பளிக்கலாம். தோற்றவர் கையில் நடுவர் எழுதிய நான்கு வரிகளைக் கொடுக்கலாம். அதற்கு ஒரு தாள்தான் செலவு. கல்வராயன் மலையில் நடத்தப்படும் கோடை விழா மேடைக்கு வெளியூரிலிருந்து கலைக் குழுக்களை வரவழைக்கிறோம். அதில் ஒரு மாலையை, முந்தைய ஆண்டுகளில் பரிசு பெற்ற மலைப் பிள்ளைகளுக்கு, வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தில் ஒதுக்க மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தால் போதும். அடுத்த விழாவிலேயே தொடங்கிவிடலாம்.