அரிசியில் வண்டு: மாத்திரை வேண்டாம், பில் வேண்டும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டையாக வாங்கிய அரிசியில் வண்டு விழுந்தால், பலர் பேசாமல் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். சிலர் யாரிடமோ வாங்கிய ‘மாத்திரை’யை மூட்டைக்குள் போடுகிறார்கள். முன்னவருக்குப் பணம்தான் போகிறது. பின்னவர் வீட்டில் உயிரே போகலாம்.

அரிசி வண்டு செழிக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் காற்றில் ஈரமும் போதும். சாலைக் கடைத்தெருவில் இரண்டுக்கும் ஆண்டு முழுக்கப் பஞ்சமில்லை. பெண் வண்டு மூக்கால் அரிசியைத் துளைத்து, ஒரு முட்டையிட்டு, துளையைப் பசையால் மூடிவிடும். உள்ளேயே தின்று வளரும் புழு, ஏறக்குறைய ஐந்து வாரத்தில் வண்டாக வெளியேறும். 15 டிகிரிக்குக் கீழே இனப்பெருக்கம் நின்றுவிடும். அந்தக் குளிர் இங்கே டிசம்பரிலும் எட்டிப்பார்ப்பதில்லை. கடையில் சுத்தமாகத் தெரிந்த அரிசிக்குள்ளும் புழு இருக்கலாம்.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அரசு அமைப்புகளும், அங்கீகாரம் பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களும் மட்டுமே அதைக் கையாளலாம். வீட்டில் ஒன்றுகூட வைக்காதீர்கள். கொஞ்சமாக வாங்கிய அரிசியை, உறையிலிட்டு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தாலே முட்டையும் புழுவும் செத்துவிடும்.

வண்டு விழுந்த உணவு பாதுகாப்பற்றது என்று 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3-லேயே சொல்கிறது. பிரிவு 40-இன்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சட்டமீறல் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போவதை, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். இந்த ஒரு வரியைச் சந்தையில் எழுதி வைக்க அதிகாரிகளுக்கு என்ன தடையோ!

சொல்லாமல் வாங்கிவிட்டாலும் வழி அடைபட்டுப் போகாது. பில்லையும், தேதி தெரியும் படத்தையும், திறக்காத மூட்டை இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து வாங்கிச் செல்பவர் தம் ஊருக்குரிய நாகர்கோவில் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பில் இல்லாதவர் அந்தக் கடையில் வாங்கியதை நிரூபிக்கவே திண்டாடுவார்.