இரண்டு சிவப்பும் ஒன்றுதானா?

ஓர் இசை மேடையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஒருவர் கையில் மின் கிதார். அடுத்தவர் கையில் பாஸ் கிதார். இரண்டும் பளபளக்கும் சிவப்பு. கடையில் குழல்விளக்கின் கீழே பார்த்தபோது இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. மேடை விளக்கு பட்டதும் ஒன்று தணலாக ஒளிர்கிறது. மற்றது மங்கி நிற்கிறது. கண் ஏமாற்றுகிறதா? இல்லை. வர்ணப் பூச்சுக்குள் ஒளி செல்லும் வழி வேறுபடுகிறது. எப்படி என்று பார்ப்போமா?

சிவப்புப் பூச்சில் மூன்று வகைகளைக் காணலாம். முதலாவது, சாதாரணச் சிவப்பு. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் தன் கிதார்களுக்கு மோட்டார் கார் வர்ணங்களையே பயன்படுத்தியது. அதன் 'ஃபியஸ்டா ரெட்', 1956ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். இதிலுள்ள நிறமித் துகள்கள் பச்சை, நீல ஒளியை உட்கவர்ந்து, சிவப்பை எல்லாத் திசையிலும் சிதறவிடுகின்றன. ஆகவே எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது.

இரண்டாவது, உலோகச் சிவப்பு. இதில் நிறமியோடு மெல்லிய அலுமினியச் செதில்களும் கலந்திருக்கும். குளத்தின் அடியில் படிந்த இலைகளைப்போல் அவை படுக்கைவாட்டில் அமைகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி! எதிரொளிக்கும் திசையில் பார்த்தால் பிரகாசம். கிதாரைச் சற்றே திருப்பினால் இருட்டு. மேலாக உள்ள செதில்கள் ஒளியைச் சீக்கிரமே திருப்பி விடுவதால், சிவப்போடு சிறிது வெண்மையும் கலந்து தெரியும்.

மூன்றாவது, 'கேண்டி ஆப்பிள் ரெட்'. சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிளின் பெயர் இது. ஃபெண்டர் 1960களில் இந்நிறத்தை வழங்கியது. அடியில் வெள்ளி அல்லது பொன் நிற உலோகப் பூச்சு. அதன்மேல், ஒளி ஊடுருவும் சிவப்புப் படலம். உலோகத்தைத் தொட்டுத் திரும்பும் ஒளி சிவப்புப் படலத்தை இருமுறை கடக்க வேண்டும். ஆரஞ்சு ஒளியில் பாதியை மட்டும் படலம் விடுகிறது என்று கொள்வோம். போகும்போது பாதி, வரும்போது அதில் பாதி. மிஞ்சுவது கால் பங்கே! அதனால்தான் அந்த ஆழ்ந்த சிவப்பு. அடியில் பொன் நிறம் இருந்தால் சற்றே வெம்மையாகவும், வெள்ளி இருந்தால் சற்றே குளிர்ச்சியாகவும் தெரியும். பெயர் ஒன்றானாலும் நிறம் ஒன்றல்ல!

சாய்கோணமும் கணக்கில் சேரும். படலத்தின் ஒளிவிலகல் எண் 1.5 எனக் கொள்வோம். 60 பாகையில் விழும் கதிர், உள்ளே சுமார் 35 பாகையில் செல்லும். அதன் பாதை, நேராக விழும் கதிரின் பாதையைவிட 1.22 மடங்கு நீளம். ஆகவே கிதாரின் வளைந்த ஓரங்கள் கூடுதலாகக் கறுத்துத் தெரிகின்றன.

நீங்களே செய்து பாருங்கள். சிவப்புக் காகிதம் ஒன்று, அலுமினியத் தாளின்மேல் ஒட்டிய சிவப்புக் கண்ணாடித் தாள் ஒன்று. இரண்டையும் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பிறகு கண்ணாடித் தாளின்மேல் இன்னொரு துண்டைப் பாதியளவு வையுங்கள். இரண்டு தாள் சேர்ந்த இடம் கறுக்கிறதல்லவா?

கிதார் பழுது பார்ப்பவரின் தலைவலி இதுதான். நகமளவு வர்ணம் பெயர்ந்தால், சாதாரணச் சிவப்பில் தொட்டுப் பூசி ஒருவாறு சமாளிக்கலாம். கேண்டி சிவப்பிலோ, புதுப் படலம் பழையதன் மேல் ஏறும் இடத்தில் கறுப்பு வளையம் விழுந்துவிடும். அதை மறைக்க முழுவதும் சுரண்டிப் பூசலாம். ஆனால் 1960களின் கிதாரில் பழைய பூச்சு போனால் அதன் மதிப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். பெயர்ந்த இடத்தை அப்படியே விடுவோரும் உண்டு.

இனி இரண்டு சிவப்பைக் கண்டால், பெயரைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். வெயிலுக்குக் கொண்டு வாருங்கள், சாய்த்துப் பாருங்கள், ஓரத்தைக் கவனியுங்கள். அடியில் இருப்பது என்ன என்பதை ஒளியே சொல்லிவிடும்!